அன்றாடப் படி

குடும்ப ஜெபமானது நம் வீடுகளை விட்டு மெல்ல மெல்ல நீங்கிப்போன விதத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதை வாசித்த அன்பர் ஒருவர், திருத்தணி ரயிலடியில் என்னைக் கண்டு நின்று, "ஐயா, நீங்கள் எழுதியதெல்லாம் மெய்தான், ஆனால் நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இருள் பிரியும் முன்னே எழுந்து, அரக்கோணத்துக்கு அப்பால் பட்டணத்துக்கே போய் உழைத்து, இருட்டிய பின்பே வீடு திரும்புகிறவர் அவர். அவருடைய குரலில் சாக்குப்போக்கு ஏதும் இல்லை, துக்கமே இருந்தது. அந்நேரத்தில் அவருக்குத் தக்க மறுமொழி சொல்ல என் நா எழவில்லை. இந்த வாரத்துக் கட்டுரை அவருக்கு நான் பட்ட கடன்.

திருத்தணியில் வாழும் கிறிஸ்தவனுக்கு டிசம்பர் 31-ஆம் தேதி இரவு மற்ற ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு வாய்க்காத ஓர் அனுபவத்தைத் தருகிறது. மலையடிவாரத்தில் பஜனைக் கோஷ்டிகள் திரள் திரளாகக் கூடி, வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக அமைந்தவை என்று சொல்லப்படும் 365 படிகளிலும், படிக்குப் படி நின்று கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடியவண்ணம் முருகன் சந்நிதியை நோக்கி ஏறுகின்ற அதே நேரத்தில், ஊருக்குள் எங்கள் ஆலயத்தில் ஆண்டிறுதி ஆராதனைக்கு மணி அடிக்கும். வெள்ளுடை உடுத்தி, வேதபுத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஆராதனைக்குப் போகிற குடும்பங்களும், மலைக்குப் போகிற குடும்பங்களும் ஒரே வீதியில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

அந்தப் படித் திருவிழாவை ஏற்படுத்தியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். மைசூர் அரண்மனையில் சமையல் உத்தியோகம் பார்த்து, பின்பு துறவு பூண்டு, திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய பெரியவர். சற்றேறக்குறைய நூறாண்டுகளுக்கு முன், ஆங்கிலப் புத்தாண்டு தினத்தன்று பழமும் மாலையும் ஏந்திக்கொண்டு வெள்ளைக்காரத் துரைமார் வாசலில் ஜனங்கள் காத்து நிற்பதைக் கண்டு மனம் நொந்து, துரைகளுக்கெல்லாம் துரையாகிய தெய்வத்தின் வாசலுக்கல்லவா முதலில் போக வேண்டும் என்ற எண்ணத்தால் அந்த இரவில் மலையேறும் வழக்கத்தை அவர் தொடங்கிவைத்தார் என்பது இவ்வூரார் யாவரும் அறிந்த செய்தி. அவருடைய வழிபாட்டு முறை என்னுடையது அன்று. ஆயினும் அவருடைய வருத்தம் எனக்கு முழுவதும் விளங்குகிறது. நாளின் முதல் வணக்கத்தை உத்தியோகத்துக்கும் அதிகாரிக்கும் கொடுத்துவிட்டு, மீந்ததை ஆண்டவருக்கு வைக்கிற குற்றம் எந்தச் சமயத்தாருக்கும் அந்நியமானதல்ல.

எங்கள் ஆண்டிறுதி ஆராதனைக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. ஜெர்மனி தேசத்துச் சாக்சனியில், மதத் துன்பத்துக்கு அஞ்சி மொராவியாவிலிருந்து ஓடிவந்த ஏழைக் குடியானவர்களும் தச்சர்களும் 1722-ல் ஒரு கிராமத்தை உண்டாக்கினார்கள். ஹெர்ன்ஹூத் என்பது அதன் பெயர். நிலம் கொடுத்து ஆதரித்தவர் சின்சென்டார்ப் என்னும் பிரபு. வருஷத்தின் கடைசி இரவில் விழித்திருந்து ஜெபிக்கும் வழக்கம் இந்த மொராவிய சகோதரரிடையே தோன்றி, ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகளால் மேற்கொள்ளப்பட்டு, மிஷனெரிமார் மூலமாகக் கடல் கடந்து நம் சபைகளை வந்தடைந்தது.

ஆனால் அந்த வழக்கத்துக்கும் முன்பே அவர்களிடம் வேறொரு வழக்கம் இருந்தது. 1728-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி மாலை ஆராதனையின் முடிவில், மறுநாள் முழுவதும் சிந்தையில் வைத்திருப்பதற்கென்று ஒரு சிறு வாக்கியத்தைச் சின்சென்டார்ப் சபைக்குக் கொடுத்தார். விடிந்ததும் சகோதரர் சிலர் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, கதவைத் தட்டிச் சொல்லி, அவ்வீட்டில் யாருக்கு நோய், யாருக்கு மனக்கவலை என்று விசாரித்து வந்தார்கள். இது நாள்தோறும் நடந்தது. பிற்பாடு வருஷம் முழுவதற்கும் வசனங்கள் தெரிந்தெடுக்கப்பட்டு 1731-ல் புத்தகமாக அச்சாகி, அன்றுமுதல் இன்றுவரை ஆண்டுதோறும் வெளிவந்துகொண்டிருக்கிறது. இந்தச் சகோதரர் நமக்கு முற்றிலும் அயலாருமல்லர். அவர்களில் ஒரு கூட்டத்தார் 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து, அதற்கு அருகே ஒரு தோட்டத்தில் குடியேறிப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். நம் மண்ணின் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் அவர்களில் பலர்.

இங்கே என் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. அவர்களுடைய ஆண்டிறுதி இரவை நாம் வாங்கிக்கொண்டோம். வீடுதோறும் கதவைத் தட்டிய அந்தக் காலை வேளையை வாங்கிக்கொள்ள மறந்தோம். புத்தாண்டு பிறந்ததும் சபையிலே வாக்குத்தத்த வசன அட்டையைப் பயபக்தியோடு பெற்றுக்கொள்கிறோம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். அடுத்த அட்டை வரும் வரையில் முந்திய அட்டையை நம்மில் எத்தனை பேர் மறுபடி நிமிர்ந்து பார்த்தோம்? விசுவாசத்தைப் புதுப்பிப்பது என்றாலே கண்ணீரும் பிரதிஷ்டையும் கூடிய ஒரு பேரிரவைத்தான் நினைக்கிறோம். உள்ளான மனுஷன் நாளுக்கு நாள் புதிதாக்கப்படுவதைப் பற்றியே அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்.

தமிழில் படி என்கிற சொல் எனக்கு மிகவும் பிரியமானது. ஏறுவதும் படி, அளப்பதும் படி, வாசி என்று ஏவுவதும் படி, உழைப்பவனுக்கு அன்றன்று அளிக்கப்படுவதும் படியே. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா இறங்கிய வரலாற்றை யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் வாசிக்கும்போதெல்லாம் இந்தச் சொல்லின் அர்த்தங்கள் யாவும் ஒன்றுகூடி என் முன் நிற்கும். தலைக்கு ஓர் ஓமர் அளவு என்று அன்றன்றைக்கு உரியதை விடியற்காலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறினால் அது உருகிப்போகும். நாளைக்கு ஆகும் என்று மீத்து வைத்தால் புழுத்து நாறும். ஓய்வுநாளுக்கு முந்திய தினம் ஒன்றில் மாத்திரம் இரட்டிப்பாகச் சேர்க்க உத்தரவு உண்டு. ஓராண்டுக்கு வேண்டிய மன்னாவை ஓரிரவில் சேர்த்துக்கொண்டவன் அந்தப் பாளயத்தில் ஒருவனும் இல்லை.

நேரம் எங்கே என்று கேட்ட அன்பருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை. கப்பர்நகூமில் சூரியன் அஸ்தமித்த பிறகும் பிணியாளிகள் வாசலில் குவிந்துகிடக்க, அவர்களைச் சொஸ்தமாக்கி ஓய்ந்த ஆண்டவர், மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிப் பின்தொடர்ந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்களே என்று முறையிட்டார்கள். நேரம் அவருக்கும் இருந்ததில்லை. எல்லாரும் தேடுகிற ஒருவர் எழுந்து போய் அதை எடுத்துக்கொண்டார். நம் வடாற்காட்டுச் சீமையிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்த ஏசுதாசனும், ஸ்காத்லாந்து தேசத்தவரான பாரஸ்டர் பேட்டனும் வைத்தியர்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஜனங்கள் அன்போடு அழைத்த அவ்விருவரும் நோயாளிகளுக்கு மருத்துவசாலை எழுப்பியதோடு நில்லாமல், திராவிடச் சிற்ப முறையிலே ஜெபாலயம் ஒன்றும் எழுப்பி, நாளின் வேலைகளை ஜெபத்தைச் சுற்றியே அமைத்துக்கொண்டார்கள்.

வைத்தியர்களும் ஆசிரமவாசிகளும் இருக்கட்டும் என்பீர்களானால், பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தறிக்கார அம்மாளைப் பற்றிச் சொல்லுகிறேன். விசைத்தறி ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாத வீடு அது. தறிக்கு விசை போடுவதற்கு முன், எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும் என்றாலும், சுவிசேஷத்தில் நாலைந்து வசனம் வாய்விட்டு வாசித்து, பிள்ளைகளின் பெயரையும் கடன்காரரின் பெயரையும் சொல்லி ஜெபித்துவிட்டே அவர் தறியண்டை போவார். ஒருநாளும் தவறுவதில்லையா அம்மா என்று கேட்டேன். "தாரு தீந்துபோனா நாடா சும்மா ஓடும் ஐயரே. சத்தம் வரும், துணி வராது" என்றார். வேதசாஸ்திரம் கற்றவர்கள் எழுதிய எத்தனையோ புத்தகங்களைப் படித்திருக்கிறேன். அந்த அம்மாள் சொன்னதைப்போல் ஒன்றும் என் நெஞ்சில் தைத்ததில்லை.

ஏனெனில் சத்தம் மாத்திரம் வந்துகொண்டிருந்த காலம் ஒன்று என் வாழ்விலும் இருந்தது. ஆலயத்தில் பாடினேன், கூட்டங்களில் பேசினேன், வேதத்தைப் பற்றி எழுதவும் செய்தேன். ஆனால் ஏறக்குறைய இரண்டு வருஷகாலம் எனக்கென்று வேதத்தைத் திறந்து அதன் முன்னே அமர்ந்தவனல்லன் நான். விட்டுப்போனது ஒரே நாளில் அல்ல. ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் பிரயாணம், ஒருநாள் அசதி என்று படி படியாக இறங்கியது. திரும்பி வந்ததும் அப்படியே. தினம் பத்து அதிகாரம் என்று சபதம் செய்து மூன்றாம் நாளே தோற்றேன். பிறகு, ஒரு சிறு பகுதியை மெதுவாக இரண்டு தரம் வாசித்து, அதிலே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் மௌனமாக இருப்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் மாதத்தில் ஒன்றும் தோன்றவில்லை. வறண்ட நிலத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. தவறிய நாட்களும் உண்டு. தவறிய நாளுக்கு வட்டி கட்டுவதுபோல் மறுநாள் இரட்டிப்பாக வாசிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது பக்தியைக் கணக்குப் புத்தகமாக்கிவிடும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

இதையெல்லாம் அன்பருக்குச் சொல்ல, ஹெர்ன்ஹூத்துச் சகோதரரைப்போல் நானும் கதவைத் தட்டுவதென்று தீர்மானித்தேன். எனக்கும் காலை நடை உண்டு, அதை ரயிலடி வரையில் நீட்டிக்கொண்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் அன்றைய பகுதியை மட்டும் எழுதி, வண்டி வருவதற்குள் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். திருத்தணியிலிருந்து அரக்கோணம் போய்ச் சேரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் அதை வாசிக்கிறார். ஜன்னலோரம் இடம் கிடைக்காத நாட்களில் நின்றபடியே வாசிப்பதாகச் சொன்னார். நேற்று அவர், "இனி இரண்டு சீட்டாக எழுதுங்கள் ஐயா, கூட வருகிறவர் ஒருவர் கேட்கிறார்" என்றார். நாளைக்கு ஆதியாகமம் 28-ஆம் அதிகாரம் எழுதிவைத்திருக்கிறேன்: வழிப்பிரயாணத்தில் பொழுது சாய்ந்துவிட, யாக்கோபு ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த இரவு.

(தொடரும்)