உங்களுக்குத் தெரியுமா? நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்த மதனப்பள்ளி மருத்துவமனை

காசநோயைக் கொல்லும் மருந்து எதுவும் கண்டறியப்படாத காலத்தில், நோயாளியின் விலா எலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி, நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள் காற்றை ஏற்றி, புண்பட்ட நுரையீரலைச் சுருங்கச் செய்து அதற்கு ஓய்வளிப்பதே மருத்துவர்கள் கையாண்ட முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்றாக இருந்தது.

• இத்தகைய சிகிச்சைக்குத் தென்னிந்தியாவில் பெயர்பெற்ற ஆரோக்கியவரம் சானடோரியம், அதாவது தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவற்றோடு காசநோயாளிகளை நெடுநாள் தங்கவைத்துப் பேணும் மருத்துவமனை, அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகே, தாம்பரம் சானடோரியத்துக்கு 13 ஆண்டுகள் முன்னதாக, 1915இல் திறக்கப்பட்டது.

• பல கிறித்தவ மிஷன்கள் ஒன்றுசேர்ந்து நிறுவிய இம்மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளரான டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோல்லர், 1939இல் தொடங்கப்பெற்ற இந்தியக் காசநோய்ச் சங்கத்தின் மருத்துவ ஆணையராகவும் பணியாற்றினார்.

• மதனப்பள்ளியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் 1950 முதல் 1955 வரை நடத்தப்பெற்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 1960இல் வெளியான கள ஆய்வு, மருத்துவமனைக்கு வருவோரை மட்டுமன்றி ஊர்மக்கள் அனைவரையும் கணக்கில் கொண்டு நோயின் பரவலை ஆராய்ந்தது.

• இன்று காசநோய் மாத்திரைகளால் குணமாகக்கூடியது என்பதால், இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிப்போர் திருப்பதியிலோ சித்தூரிலோ தத்தம் ஊரிலோ உள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, கட்டணமின்றிச் செய்யப்படும் சளிப் பரிசோதனையைத் தயங்காமல் செய்துகொள்ள வேண்டும்.