ஓய்வுக் காலத்திற்கு ஓர் உறைவிடம்

ஓய்வுபெற்றோர் தம் சேமலாப நிதியைக் கொண்டு மனை வாங்க விழைவது இயல்பே. தேயிலைப் பசுமையும் குளிர்காற்றும் புகையிரத நிலையமும் உடைய வட்டவளை நம் உள்ளத்தைக் கவரும். ஆயினும், ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இவ்வூரில் விலையை வினவுமுன் நிலத்தின் சரிவை வினவுதல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்ததை நாம் மறத்தலாகாது.

தரை வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கிச் சுரக்கும் ஊற்று ஆகியன நிலம் நகர்வதன் அறிகுறிகளாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தையும் நோக்குக. தென்மேற்குப் பருவமழையில் ஒருமுறை மனையை நேரிற் காண்க. நாவலப்பிட்டி, டிக்கோயா வைத்தியசாலைகளுக்குச் செல்லும் வழியையும் அப்பொழுதே ஆராய்க. வாழ்நாள் உழைப்பை வழுக்கும் மண்ணில் இழப்பின், மீண்டும் ஈட்டும் வயது நமக்கு இராதன்றோ!