மீன் தொட்டிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திரை... அக்ரிலிக்கில் கீறல் விழாமல் பொருத்துவது எப்படி?

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் நியான் டெட்ராவைப் பார்த்தவர்கள் வாங்காமல் திரும்புவது கடினம். உடலில் மின்னும் நீலக்கோடு, வால் பக்கம் செக்கச்சிவப்பு. ஆனால், ஆசையாக வாங்கி வந்து வீட்டுத் தொட்டியில் விட்ட இரண்டாம் நாளே அதே மீன் நிறம் மங்கி, ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும். `கடையில் ஏமாற்றிவிட்டார்களோ?' என்ற சந்தேகம் வரும்.

தண்ணீர் சரியில்லாமலோ, நோய் வந்தோ மீன் வெளுக்கலாம். அதை முதலில் பார்த்துவிட வேண்டும். இரண்டும் இல்லையென்றால், தொட்டியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வெள்ளைச் சுவர், தொங்கும் ஒயர்கள், பின்னால் நடமாடும் மனிதர்கள்... நாலு பக்கமும் திறந்த கூடத்தின் நடுவில் ஒளிய இடமில்லாமல் நிற்பது போன்ற நிலைதான் அந்த மீனுக்கு. ஒரு கறுப்புப் பின்னணி இதைப் பெருமளவு மாற்றிவிடும்.

பின்னணி மாறினால் நிறம் மாறுவது ஏன்?

நியான் டெட்ராவின் பூர்வீகம் அமேசான் படுகை. காட்டு மரங்களின் நிழல் விழும் ஓடைகள், இலைகள் ஊறித் தேநீர் நிறத்துக்கு மாறிய தண்ணீர், வேர்கள், கருமையான தரை. அங்கே சுற்றிலும் இருட்டு என்றால் பாதுகாப்பு என்று பொருள்.

மீன்களின் தோலில் நிறமி செல்கள் உண்டு. சுற்றுப்புறம் வெளிறியிருந்தால் இந்த செல்களுக்குள் இருக்கும் கருநிறமித் துகள்கள் ஒரு புள்ளியாகச் சுருங்கிக்கொள்ளும். மீன் வெளுத்துத் தெரியும். சுற்றுப்புறம் கருமையாக இருந்தால் அதே துகள்கள் செல் முழுவதும் பரவும், நிறம் அடர்த்தியாகும். கண்ணால் பின்னணியைப் பார்த்து உடல் தானாகச் செய்துகொள்ளும் மாற்றம் இது. எதிரியின் கண்ணில் படாமல் இருக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு.

இங்கே ஒரு குழப்பம் வரக்கூடாது. இருண்ட பின்னணி வேறு, இருட்டு வேறு. விளக்கே போடாமல் தொட்டியை இருட்டில் வைத்தால் கோல்டு ஃபிஷ் போன்றவை நாளடைவில் நிறம் இழந்துவிடும். வெளிச்சம் மேலிருந்து வர வேண்டும்; கருமை பின்னால் இருக்க வேண்டும்.

அக்ரிலிக்கைக் கண்ணாடி என்று நினைக்காதீர்கள்

கண்ணாடித் தொட்டி என்றால் பின்பக்கம் பெயின்ட் அடிப்பார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிடிக்காவிட்டால் பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம். அக்ரிலிக்கில் அது நடக்காது.

அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக். எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. தன்மீது விழும் ஒளியில் சுமார் 92 சதவிகிதத்தை உள்ளே விடும். எளிதில் நொறுங்காது. ஜப்பானின் ஒகினாவா சுராவுமி மீன் காட்சியகத்தில் 22.5 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் உயரம் கொண்ட ராட்சத ஜன்னல் இருக்கிறது. அதற்குப் பின்னால் திமிங்கலச் சுறாக்கள் நீந்துகின்றன. 60 சென்டிமீட்டர் கனமுள்ள அந்த ஜன்னலும் அக்ரிலிக்தான்.

இவ்வளவு பலசாலிக்கும் மூன்று பலவீனங்கள் உண்டு.

ஒன்று, கீறல். பிளேடு வேண்டாம், தூசியோடு காய்ந்த துணியால் துடைத்தாலே கோடு விழும்.

இரண்டு, ரசாயனம். தின்னர், ஸ்பிரே பெயின்ட், சானிடைசர், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் அக்ரிலிக்கில் படக்கூடாது. தண்ணீர் நிரம்பிய தொட்டியின் சுவர் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். அந்த நிலையில் ஆல்கஹால் பட்டால் சிலந்தி வலை போல நுண்ணிய வெடிப்புகள் ஓடும். அவற்றைச் சரிசெய்ய முடியாது.

மூன்று, விரிந்து சுருங்கும் குணம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி அதைவிட மிகக் குறைவாகவே நீளும். போதாக்குறைக்கு, தண்ணீர் நிரப்பியதும் அக்ரிலிக் சுவர் லேசாக வெளியே புடைக்கும். அதன்மேல் எதையாவது முழுவதுமாகப் பசை போட்டு ஒட்டினால் சில மாதங்களில் ஓரம் பிரியும். நடுவில் குமிழ் விழும். பசைக்கறை மட்டும் தங்கிவிடும்.

அதனால்தான் அக்ரிலிக் தொட்டிக்குக் கழற்றி மாட்டும் பின்னணியே சரியான வழி.

எதை வாங்கலாம்?

சன் போர்டு: விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் கிடைக்கும் 3 மில்லிமீட்டர் கறுப்பு ஃபோம் பலகை. லேசானது, தண்ணீர் பட்டால் ஊறாது, கட்டர் கத்தியால் வெட்டலாம். பளபளப்பில்லாத மேட் ரகம் சிறந்தது.

லேமினேட் செய்த கறுப்பு சார்ட்: சிறிய தொட்டிகளுக்கு ஏற்ற மலிவான வழி. லேமினேஷன் இல்லாத சார்ட் ஈரத்தில் நெளிந்து பூஞ்சை பிடிக்கும்.

கறுப்புத் துணி: பலகை நுழைய முடியாத குறுகிய இடைவெளிக்கு உதவும். சாயம் போகாத துணியா என்று ஒருமுறை நனைத்துப் பாருங்கள்.

ரெக்ஸின், மென்மையான பிவிசி விரிப்பு போன்றவை வேண்டாம். அவற்றை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள், நாள்பட ஒட்டிக்கொண்டே இருந்தால் அக்ரிலிக்கைப் பாதிக்கும்.

பொருத்தும் முறை

1. மோட்டார், ஹீட்டர் சுவிட்சுகளை அணையுங்கள். தொட்டியின் மூடி மூடியே இருக்கட்டும். திடீர் அசைவில் மீன் துள்ளி வெளியே விழலாம்.

2. பின்பக்கத் தூசியை முதலில் ஈரத்தால் ஊறவைத்து, பிறகு மென்மையான மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். பழைய ஸ்டிக்கர் பசை இருந்தால் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, விரலால் உருட்டி எடுக்கலாம்.

3. பின்சுவரின் அளவைவிடச் சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் குறைவாகப் பலகையை வெட்டுங்கள். ஃபில்டர் குழாயும் ஒயரும் வரும் இடத்தில் மேல் ஓரத்தில் பள்ளம் எடுங்கள். வெட்டும் வேலையைத் தொட்டியின் அருகில் செய்யாதீர்கள். துகள் பட்டால் கீறல்தான்.

4. பலகையின் மேல் ஓரத்தில் இரண்டு நாடா வளையங்களை ஒட்டி, தொட்டியின் விளிம்பில் மாட்டித் தொங்கவிடுங்கள். அல்லது, பலகையின் அடியில் காலண்டர் ஸ்டாண்டு போல ஒரு கால் வைத்து, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்திவிடுங்கள். பசை போகவேண்டிய இடம் பலகை மட்டுமே, தொட்டி அல்ல. இரும்பு கிளிப் வேண்டாம். கீறும், துருவும் பிடிக்கும்.

5. பொருத்திய பிறகு ஒரு மணி நேரம் தொட்டி விளக்கை அணைத்தே வையுங்கள். மீன்கள் பழகிக்கொள்ளும்.

கறுப்பு வைத்தும் கண்ணாடி போலப் பளபளக்கிறதா?

பலகைக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள காற்று செய்யும் வேலை இது. தொட்டிக்குள்ளிருந்து சாய்வாக வரும் ஒளி, அக்ரிலிக்கைக் கடந்து காற்றைத் தொடும் இடத்தில் வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான்.

இதற்குத் தீர்வு, காற்றை விரட்டுவது. பலகைக்குப் பதில் பசை இல்லாத, விறைப்பான மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்சுவரின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் தெளித்து ஷீட்டை ஒட்டுங்கள். துணி சுற்றிய பழைய ஏடிஎம் அட்டையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளினால் குமிழ்கள் வெளியேறும். ஈரமே ஷீட்டைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்து விலகினால் மறுபடி தெளிக்கலாம். வேண்டாமென்றால் மூலையைப் பிடித்து உரித்துவிடலாம். தண்ணீரில் சோப்பு கலந்தால் ஷீட் எளிதாக நகரும்தான். ஆனால், ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் விழக்கூடாது. சோப்பு மீனின் செவுள்களைப் பாதிக்கும்.

இவற்றையும் கவனியுங்கள்

ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் முதல் இரண்டு நாள் கண்காணியுங்கள். உள்ளே வெளிச்சமும் வெளியே கருமையும் இருந்தால், இரவு நேர ஜன்னல் போலத் தொட்டிச் சுவரில் மீனின் பிம்பம் தெரியலாம். அதை எதிரி என்று நினைத்துச் செவுளை விரித்துக்கொண்டே இருந்தால் விளக்கின் வெளிச்சத்தைக் குறையுங்கள், அல்லது ஈர ஷீட் முறைக்கு மாறுங்கள்.

ஜன்னலோரத் தொட்டிக்குப் பின்னணி வைத்தால் உள்ளே விழும் வெயில் குறைந்து பாசி மட்டுப்படும். ஆனால், நேரடி வெயில் கறுப்புப் பலகையில் பட்டால் அது சூடேறி, தண்ணீரையும் சூடாக்கும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து முதலில் தொட்டியை நகர்த்துங்கள்.

மாதம் ஒருமுறை பின்னணியைக் கழற்றி, பின்சுவரையும் மூலை இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்போ நீர்க்கசிவோ ஆரம்பித்திருந்தால் அப்போதே கண்ணில் படும். நிரந்தரமாகப் பெயின்ட் அடித்த தொட்டியில் அது கூடம் நனைந்த பிறகுதான் தெரியவரும்.