சஃபாரிச் சட்டைக்கு உள்ளே

மயிலாப்பூர் மாட வீதியில் அமைச்சர் ஒருவர் காரிலிருந்து இறங்கினால் எல்லோர் கண்ணும் அவர்மேல்தான். அவருக்கு ஓரடி பின்னால் சஃபாரி உடையில் வருபவரை யாரும் கவனிப்பதில்லை. அவருக்கு வேண்டியதும் அதுதான். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அவருடைய வலது முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகாமல் இருப்பது தெரியும். நெரிசலில் யாராவது உரசினால் அந்தக் கை தானாக இடுப்போரம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரும். பேண்டுக்கு வெளியே, சட்டைக்கு உள்ளே, பெல்ட்டில் கோத்த ஓர் உறை அங்கே இருக்கிறது. உறைக்குள் முக்கால் கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒரு பிஸ்டல்.

எழுபதுகளின் நாகரிகமான சஃபாரி உடை கல்யாண வீடுகளிலிருந்து எப்போதோ காணாமல் போய்விட்டது. பி.எஸ்.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மெய்க்காவலர்களிடம் மட்டும் அது நிலைத்துவிட்டதற்கு இந்த உறைதான் காரணம் என்பது என் கணிப்பு. இன்ஷர்ட் செய்யத் தேவையில்லாத சட்டை, இடுப்புக்குக் கீழே வரை வரும் நீளம், உடம்போடு ஒட்டாத விறைப்பான துணி. பிஸ்டலை மறைக்கவே ஒரு தையற்காரர் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இதைவிடச் சிறப்பாக வெட்டியிருக்க முடியாது.

மெய்க்காவலருக்கு மறைப்பது விருப்பம். உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரணக் குடிமகனுக்கோ அது சட்டம். சென்னையில் அந்த உரிமத்தை வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்பவர் அதை உடலோடு இணைத்த உறையிலோ பையிலோதான் வைத்திருக்க வேண்டும், அது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும், அவருடைய கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்கள் மறைத்து எடுத்துச் செல்வதற்குத்தான் நெடுங்காலம் தனி அனுமதி கேட்டன. இங்கே வெளியே தெரிய எடுத்துச் செல்வதுதான் குற்றம். உரிமத்தின் நிபந்தனைகளில் இன்னொன்றும் உண்டு: திருவிழாவுக்கோ சாமி ஊர்வலத்துக்கோ ஆயுதத்தோடு போகக் கூடாது. அதனால் அறுபத்துமூவர் ஊர்வலத்தன்று மயிலாப்பூரில் துப்பாக்கி இருந்தால் அது காவல்துறையின் துப்பாக்கியாக இருந்தாக வேண்டும்.

பிஸ்டலை பேண்டுக்கு உள்ளே, வயிற்றோடு சேர்த்துச் செருகிக்கொள்வதே மறைப்பதற்குச் சுலபமான வழி. பேண்ட் துணியே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சித்திரை மாதத்தில் தி.நகரில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவருக்கு அந்த யோசனையைச் சொல்லிப் பாருங்கள். வேர்க்குரு இருக்கிற இடத்தில் இரும்பையும் தோலையும் வைத்துக் கட்டியதுபோல் ஆகிவிடும். பேண்டையும் இரண்டு அங்குலம் பெரிதாகத் தைக்க வேண்டும். வெளிப்புற உறையில் காற்றோட்டம் உண்டு, உட்கார எழ வசதி, கைப்பிடியை முழுசாகப் பிடித்து எடுக்கலாம். அதற்கு விலை, சட்டையில் தெரியும் புடைப்பு.

அந்தப் புடைப்பைக் குறைப்பது முழுக்க வடிவியல். தொப்புளைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டால் வலது இடுப்பெலும்பு 3. எலும்பின் மேலேயே உறையை மாட்டினால் பிஸ்டல் கூரையில் உட்கார்ந்த காகம்போல் துருத்திக்கொண்டு தெரியும். இரண்டு விரற்கடை பின்னால் தள்ளி, மூன்றரை மணிப் பக்கம் மாட்டினால், எலும்புக்குப் பின்னால் விலாவுக்குக் கீழே இருக்கும் பள்ளம் அதை ஏற்றுக்கொள்ளும். உறையைச் சற்று முன்பக்கம் சாய்த்துத் தைத்திருந்தால் கைப்பிடியின் முனை பின்னால் குத்திக்கொண்டு நிற்காமல் விலாவையொட்டி மேலே திரும்பிவிடும். மீதமிருக்கும் சிக்கல் ஒன்றுதான். முன்னால் குனிந்தால் சட்டையின் பின்புறம் மேலேறி எல்லாம் தெரிந்துவிடும். தலைவர் காலில் விழுவது வழக்கமாகிவிட்ட ஊரில் இது சின்ன விஷயமல்ல. கீழே விழுந்த பேனாவைக்கூட மெய்க்காவலர் குனிந்து எடுக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

அடுத்தது நெம்புகோல் கணக்கு. பெல்ட்டுக்கு மேலே இருப்பது கைப்பிடியும், தோட்டா நிரம்பிய மேகசினும். அதாவது எடையில் பெரும்பங்கு. உறையின் முதுகில் ஒரே ஒரு வளையம் வைத்துப் பெல்ட்டில் கோத்தால் அது கீல்போல் வேலை செய்து, கைப்பிடி உடம்பை விட்டு வெளியே சாயும். நல்ல வெளிப்புற உறையில் பிஸ்டலுக்கு முன்னும் பின்னும் இரண்டு தோல் சிறகுகள் இருக்கும், சிறகுக்கு ஒரு துளை. பெல்ட்டை இறுக்கும்போது இரண்டு சிறகுகளும் சேர்ந்து இடுப்பின் வளைவுக்கு மடங்கி, நடுவில் இருக்கும் பிஸ்டலை உள்ளே இழுக்கும். எழுபதுகளில் ராய் பேக்கர் என்ற அமெரிக்கர் பிரபலமாக்கிய அமைப்பு இது. தோசைபோல் தட்டையாக இருப்பதால் அங்கே பான்கேக் என்கிறார்கள்.

பெல்ட் விறைப்பாக இல்லாவிட்டால் இதெல்லாம் வீண். ரங்கநாதன் தெருவில் மலிவாகக் கிடைக்கும் பெல்ட்டைக் கொஞ்ச நாள் கட்டினால் ஓரம் பிரிந்து உள்ளேயிருந்து அட்டை எட்டிப் பார்க்கும். அதில் முக்கால் கிலோவைத் தொங்கவிட்டால் மதியத்துக்குள் பேண்டே ஒரு பக்கம் இறங்கிவிடும். வேட்டி கட்டியவர் நிலை இன்னும் மோசம். பச்சை நிறத்தில் பை வைத்த வேட்டி பெல்ட் ரூபாய் நோட்டுக்கும் புகையிலைக்கும் பொருத்தமானது, பிஸ்டலுக்கு அல்ல. மேலே போடுகிற வெள்ளைச் சட்டையோ, வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் பூணூலைக்கூடக் காட்டிக்கொடுக்கும்.

இதுவரை சொன்னது மறைக்கும் கதை. உறையின் உண்மையான வேலை பிடித்துக்கொள்வது. ஓடினாலும் கீழே விழுந்தாலும் பிஸ்டல் நழுவக் கூடாது. தேவைப்பட்டால் ஒரு கையால், ஒரே இழுப்பில் வெளியே வர வேண்டும். ட்ரிகரை உறை முழுக்க மூடியிருக்க வேண்டும், வேறெதுவும் அதைத் தீண்டக் கூடாது. இறுக்கமாகவும் இரு, தளர்வாகவும் இரு என்கிற முரண்பட்ட கோரிக்கை. பழைய காவல்துறை உறைகள் மேலே ஒரு மூடியும் பொத்தானும் வைத்து, கைப்பிடியை ஒரு கயிற்றால் கட்டி இதைச் சமாளித்தன. நல்ல தோல் உறையில் மூடியும் இல்லை, கயிறும் இல்லை. பிஸ்டலைச் செருகும்போது கடைசி அரை அங்குலத்தில் ஒரு சின்னத் தடை, அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. தோல் அந்தப் பிஸ்டலின் மேடு பள்ளங்களை அப்படியே நினைவில் வைத்திருக்கிறது. இறந்துபோன மாட்டின் தோலுக்கு நினைவு எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கான விடையின் பாதி சென்னையிலேயே, அடையாறை ஒட்டிய சர்தார் படேல் சாலைப் பக்கம் கிடைத்தது. 1948இல் அங்கே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. பக்கத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். 1952இல் இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயது. எந்தச் சிக்கலை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே வந்த எக்ஸ்கதிர்ப் படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் கட்டமைப்பை இன்னும் யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோலின் உயிர்நாடியான புரதம் கொலாஜன். மாதிரிகளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீடே தோல் ஆராய்ச்சி நிறுவனம். நல்ல எக்ஸ்கதிர்ப் படங்களுக்குக் கங்காருவின் வால் தசைநாரும் உதவியது. 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நேச்சர் இதழில் தங்கள் விடையை வெளியிட்டார்கள்: மூன்று புரதச் சங்கிலிகள் சேர்ந்த மும்மைச் சுருள். அடுத்த ஆண்டு அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் முறுக்கியிருக்க, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்கின்றன. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற ஆகச் சிறிய அமினோ அமிலம். உள்பக்கம் அவ்வளவு நெருக்கம், வேறெதற்கும் அங்கே இடமில்லை.

இந்த முறுக்குகள் சேர்ந்து இழைகளாகி, இழைகள் பின்னிக்கொண்டு தோல் ஆகின்றன. பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். நனைத்துச் சூடாக்கினால் 60 டிகிரியைத் தாண்டியதும் முறுக்கு அவிழ்ந்து சுருங்கிப்போகும். இழைகளுக்கு நடுவே எதையாவது புகுத்தி அவற்றைக் கட்டிப்போடுவதுதான் பதனிடுதல். எதைப் புகுத்துகிறோம் என்பதில் உறையின் தலையெழுத்து இருக்கிறது.

நம் ஊர்ப் பழைய வழி ஆவாரம் பட்டை. கூடவே கடுக்காய். இவற்றிலிருக்கும் டானின்கள் கொலாஜன் இழைகளுக்கு நடுவே அடைந்துகொண்டு, தனித்தனியே வலுவற்ற, ஆனால் எண்ணிக்கையில் ஏராளமான ஹைட்ரஜன் பிணைப்புகளால் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. இந்தத் தோலைத் தண்ணீரில் நனைத்தால் பிணைப்புகளில் பல நெகிழ்ந்து, இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அந்த ஈரத்தில், பிஸ்டலின் வடிவில் செய்த ஒரு கட்டையை உள்ளே செருகி, விரலாலும் எலும்புக் கருவியாலும் ட்ரிகர் வளையத்தின் பள்ளத்தில் தோலை அழுத்திவிடுவார்கள். தண்ணீர் வெளியேற வெளியேற, இழைகள் எந்த இடத்தில் இருக்கின்றனவோ அந்த இடத்திலேயே புதிய பிணைப்புகள் உருவாகின்றன. உலர்ந்ததும் அந்தப் பள்ளம் ஒரு கொக்கியாகிவிடும். கடைசி அரை அங்குலத்தில் கையில் தட்டுப்படும் தடை அதுதான்.

குரோமியம் உப்பால் பதனிட்ட தோலில் இந்த வித்தை நடக்காது. குரோமியம் கொலாஜனின் அமிலக் குழுக்களோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. தண்ணீர் அந்தப் பிணைப்பை நெகிழ்த்தாது. கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் நல்ல குரோம் தோல் சுருங்காது. எப்படி மடக்கினாலும் பழையபடி விரிந்துகொள்ளும். காலணியின் மேற்பகுதிக்கு அருமை, உறைக்கு உதவாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைப் பரிசோதித்தபோது அவர் மனத்தில் இருந்த பொருள்களில் ஒன்று கவலையில் நீர் இறைக்கும் தோல் சால். நாள் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் கிடந்தும் ஊறாத, அழுகாத தோல் அதற்குத் தேவைப்பட்டது. பின்னர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனி வந்தது, அதனால் குரோம்பேட்டை என்று ஊருக்கே பெயர் வந்தது. சாலுக்கு வரமாக இருந்த குணமே உறைக்குச் சாபம்: தண்ணீரை மறுக்கும் தோல் வடிவத்தையும் மறுக்கிறது. அதனால் உறை வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தாவரப் பதனா, குரோமா என்பதே. வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். தாவரப் பதன் பழுப்பாக இருக்கும். குரோம் பதனில் சாயத்துக்கு நடுவே நீலச் சாம்பல் கோடு ஓடும்.

தண்ணீருக்கு இசையும் தோல் வியர்வைக்கும் இசையும் என்பதுதான் இதன் பலவீனம். சென்னைக் காற்றில் ஈரத்துக்கும் உப்புக்கும் பஞ்சமில்லை. உடம்பை ஒட்டிய பக்கம் உப்பு வியர்வையைக் குடித்து, நாளடைவில் உறை தளரும், வாய் நைந்து உள்பக்கம் மடங்கும். இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. நைந்த ஓரம் ட்ரிகர் வளையத்துக்குள் புகுந்து, பிஸ்டலைச் செருகும் அழுத்தத்திலேயே குண்டு வெடித்த சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. நல்ல உறையின் வாயில் இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைத்திருப்பது இதற்காகத்தான். பிஸ்டலை எடுத்த பிறகும் வாய் திறந்தே இருக்க வேண்டும். தோலில் இயல்பாகவே கொஞ்சம் அமிலமும் உண்டு. இரவில் பிஸ்டலை உறையிலேயே வைத்துவிட்டால் இரும்பில் துரு பூக்கும். தோல் வளையங்களில் மாதக்கணக்கில் செருகி வைத்த பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் மாற்றாக வந்தது கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக். அறுபதுகளில் அமெரிக்காவில் உருவான இந்தத் தகட்டைச் சூடாக்கி இளக்கி, பிஸ்டல் வடிவத்தின் மேல் அழுத்தி ஆறவைத்தால் உறை தயார். வியர்வை உறிஞ்சாது, வாய் மடங்காது, ட்ரிகர் வளையத்தில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அந்த டக் சத்தம்தான் எனக்குப் பிடிக்காதது. கச்சேரி நடக்கும் சபாவில் பின்வரிசையில் நிற்பவருக்கும் பிடிக்காது. உடம்பின் வளைவுக்குப் படியாமல் நாள் முழுக்க இடுப்பில் குத்திக்கொண்டும் இருக்கும். வெயில் காலம் முழுக்கத் தோலுக்குத்தான் என் ஓட்டு.

ஐப்பசி மழை வந்துவிட்டால் கணக்கு மாறும். தொப்பலாக நனைந்த தோல் உறை, உள்ளே பிஸ்டல் இல்லாவிட்டால், எப்படிக் கிடக்கிறதோ அப்படியே உலர்ந்து அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். பிஸ்டலோடு உலரவிட்டால் துரு. மொட்டை மாடி வெயிலிலோ அடுப்பு ஓரத்திலோ வைத்தால் சுருங்கி விறைத்துவிடும். வடிவக் கட்டையை உள்ளே செருகி, மின்விசிறிக் காற்றில், நிழலில் உலரவிடுவது ஒன்றே வழி. பூஞ்சணம் பிடிக்காமல் அது முழுக்க உலர ஓரிரு நாளாவது ஆகும். பணிக்குப் போகிறவருக்கு அதுவரை இன்னோர் உறை வேண்டும். அந்த இரண்டாவதை பிளாஸ்டிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம்.