கபாலி (திரைப்படம்)

கபாலி, பா. ரஞ்சித் எழுதி இயக்கி 2016 ஜூலை 22 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். கலைப்புலி எஸ். தாணு தயாரித்தார். ரஜினிகாந்த், ராதிகா ஆப்தே, தன்சிகா, தினேஷ், கலையரசன், ரித்விகா, நாசர், கிஷோர் ஆகியோருடன் தைவான் நடிகர் வின்ஸ்டன் சாவ் எதிர்நாயகனாக நடித்தார். இசை சந்தோஷ் நாராயணன்; ஒளிப்பதிவு ஜி. முரளி. மலேசியத் தமிழரிடையே இயங்கும் குண்டர் கும்பல்களே படத்தின் களம்.

கதை

கபாலீஸ்வரன் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். கூலி உயர்வுக்காகப் போராடும் தமிழ்நேசனின் துணையாக இருந்து, அவர் கொல்லப்பட்டபின் தலைமைக்கு வருகிறார். உடனிருந்தோரின் துரோகத்தால் மனைவியை இழந்ததாக நம்பி, 25 ஆண்டுகள் சிறையில் கழிக்கிறார். வெளியே வரும்போது, டோனி லீ நடத்தும் 43 என்ற கும்பல் போதைப்பொருள் தொழிலில் தமிழ் இளைஞர்களை இறக்கிவிட்டிருக்கிறது. கபாலியோ அத்தகைய இளைஞர்களை மீட்க ஒரு பள்ளி நடத்துகிறார். மனைவி குமுதவல்லியைத் தேடிக் கபாலி புதுச்சேரி வரும் பகுதியே படத்தின் சிறந்த பகுதி.

வரலாற்றுப் பின்னணி

கும்பல்களுக்கு எண்ணைப் பெயராக வைப்பது இயக்குநரின் கற்பனை அன்று. சீனர்களின் இரகசியச் சங்கங்களிலிருந்து வந்த வழக்கம் அது. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என அறிவித்தது. 04, 08, 36 போன்ற எண்கள் அப்பட்டியலில் இருந்தன. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்திய வம்சாவளியினர் என்றும் அமைச்சு கூறியது. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதை நினைத்தால், இது எப்படி நேர்ந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

விடையின் பெரும்பகுதி ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஒப்பந்த முறையிலும் பின்னர் கங்காணி முறையிலும் தமிழர்கள் மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தோட்டத்தில் கூலி குறைவு. ஆனால் லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் அங்கேயே இருந்தன. 1957இல் நாடு விடுதலை பெற்றபின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைகளுக்கும் மாறின. இன்றைய நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவும் பிராங் பெசார் என்ற தோட்டம் இருந்த இடத்தில் எழுந்ததே. வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்ட வாழ்வின் விதி. வெளியேறியவர்கள் புறம்போக்குக் குடிசைகளிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் குடியேறினர். கையில் நிலமோ வேறு தொழிலோ இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் காசும் தர முன்வந்தவை கும்பல்கள்தாம்.

உடையும் பச்சையும்

அயல்நாட்டில் வேரூன்றிய குற்றக்குழுவைக் காட்டும் படங்களில் டேவிட் குரோனென்பெர்க் இயக்கிய ‘ஈஸ்டர்ன் பிராமிசஸ்’ (2007) குறிப்பிடத்தக்கது. லண்டனில் வாழும் ரஷ்ய மாஃபியாவைப் பற்றிய கொடூரமான படம் அது. அதில் ஒருவன் எந்தச் சிறையில் இருந்தான், குழுவில் அவன் நிலை என்ன என்பதை உடலில் குத்திய பச்சையே சொல்லிவிடும். கபாலியில் அந்த வேலையைச் செய்வது கோட்டு. காந்தி சட்டையைக் களைந்ததற்கும் அம்பேத்கர் கோட்டு அணிந்ததற்கும் பின்னே அரசியல் உண்டு என்று கபாலியே பேசுகிறார். தொடக்கக் காட்சியில் சிறையில் அவர் படித்துக்கொண்டிருப்பது ஒய். பி. சத்தியநாராயணா எழுதிய ‘மை ஃபாதர் பாலையா’ என்ற தலித் குடும்ப வரலாறு. பச்சை குத்தியவன் குழுவுக்குச் சொந்தமாகிறான். கோட்டு அணிந்தவரோ தாம் யாருக்கும் கூலி இல்லை என்கிறார்.

வெளியீடும் முடிவும்

வெளியீட்டை ஒட்டி ஏர்ஏசியா ஒரு விமானத்தில் கபாலியின் படத்தை வரைந்து பறக்கவிட்டது. சில நிறுவனங்கள் பணியாளர்களுக்கு விடுமுறையே அளித்தன. வழக்கமான ரஜினி படத்தை எதிர்பார்த்துப் போன பலருக்கு ஏமாற்றம்தான். ‘நெருப்பு டா’ எழுப்பிய ஆரவாரத்தில் தோட்டத்தின் கதை பலர் காதில் விழவில்லை என்றும் சொல்லலாம்.

இறுதிக் காட்சியில், கபாலியின் பள்ளியில் படித்த டைகர் என்ற இளைஞன் துப்பாக்கியுடன் அவரை நெருங்குகிறான். அவனை அனுப்பியது காவல்துறை. திரை இருள, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. யார் சுடப்பட்டார் என்று படம் சொல்லவில்லை. மலேசியாவில் திரையிடப்பட்ட வடிவத்தில் இந்த ஐயத்துக்கு இடமில்லை. கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்ற அறிவிப்பு அங்கே சேர்க்கப்பட்டது.