பழைய நூல், புதிய அட்டை: மறுபதிப்புகளை வாங்கும் முன் அறிய வேண்டியவை

புலம்பெயர்ந்து வந்த எமது குடும்பங்களுக்கு முதலில் தேவைப்படுவது புத்தகம் அல்ல. வதிவிட அனுமதி, வேலை, வீடு, பிள்ளைகளுக்குப் பாடசாலை என்று வரிசை நீளுகிறது. இவை ஓரளவு ஒழுங்கான பிறகுதான் வேறொரு தேவை தெரிய வருகிறது. "உங்களுடைய சமயம் என்ன சொல்கிறது? அடுத்த கிழமை வகுப்பில் வந்து சொல்" என்று ஆசிரியை பிள்ளையிடம் கேட்கிறார். பிள்ளை பெற்றோரைக் கேட்கிறது. பெற்றோர் அலுமாரியைப் பார்க்கின்றனர். அங்கே ஒரு பஞ்சாங்கமும் தேவாரத் திரட்டும் மட்டுமே உள்ளன.

இவ்வேளையில் நகர நூலகத்திலும் புத்தகக் கடையிலும் எமது கைக்கு எட்டுபவை பெரும்பாலும் மறுபதிப்புகள். சமயம், தத்துவம், உளவியல், கல்வி ஆகிய துறைகளில் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அறிஞர்கள் எழுதிய நூல்கள் புதிய அட்டையுடன் அங்கே கிடைக்கின்றன. இவை பயனுள்ளவையா? ஆம். ஆனால் அட்டை புதியது என்பதால் உள்ளே இருப்பதும் புதியது என்று எண்ணக் கூடாது.

இந்நூல்கள் மீண்டும் அச்சாவதற்குக் காரணங்கள் உண்டு. பதிப்புரிமை ஒரு காலத்துடன் முடிந்துவிடுகிறது. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகளும், இந்தியாவில் 60 ஆண்டுகளும் கழிந்தால் அந்நூலை யாரும் அச்சிடலாம். மற்றது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழிலிருந்து செய்த கடதாசியில் அமிலம் இருந்தது. அது காலப்போக்கில் மஞ்சளாகி, தொட்டாலே நொறுங்குகிறது. மறுபடி அச்சிடாவிட்டால் நூலே இல்லாமற் போய்விடும்.

இத்தொழிலில் ஈடுபட்ட ஒரு பதிப்பகத்தின் கதை எமக்கு நெருக்கமானது. மோதிலால் பனார்சிதாஸ் என்னும் அந்நிறுவனம் 1903இல் லாகூரில் ஒரு புத்தகக் கடையாகத் தொடங்கியது. 1947இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது மூண்ட கலவரத்தில் கடை எரிந்தது. அக்குடும்பம் எல்லை கடந்து வந்து, மீண்டும் தொழிலைத் தொடங்கி, பின்னர் டில்லியில் நிலைகொண்டது. அகதிகளாக வந்த அவர்கள்தான் 1960களில் 'கிழக்கின் புனித நூல்கள்' என்ற பெருந்தொகுதியை மறுபதிப்புச் செய்யத் தொடங்கினர்.

யேர்மனியில் பிறந்து ஒக்ஸ்போர்ட்டில் பணியாற்றிய மக்ஸ் முல்லர் தொடங்கிய இத்தொகுதி 1879 முதல் 1910 வரை 50 பாகங்களாக வெளிவந்தது. உபநிடதங்கள், தம்மபதம், திருக்குர்ஆன், சமண சூத்திரங்கள், மனுதர்ம சாஸ்திரம், சீனாவின் தாவோ நூல்கள் எல்லாம் அதில் ஆங்கிலத்தில் உள்ளன. இன்றும் பல்கலைக்கழக நூலகங்களில் இதைக் காணலாம்.

ஆனால் அந்த 50 பாகங்களில் ஒரு தமிழ் நூல்கூட இல்லை. தேவாரம் இல்லை, திருவாசகம் இல்லை, திவ்வியப் பிரபந்தம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரின் உரை இடம்பெற்றது, அது வடமொழியில் எழுதப்பட்டமையால். எனவே இத்தொகுதியை மட்டும் வாசிக்கும் எமது பிள்ளை, தன் வீட்டில் பாடப்படும் பதிகங்களுக்குச் சமய நூல் என்ற இடமே இல்லை என்று நினைத்துவிடலாம். தொகுத்தவர் எதை விட்டார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் முதற் பாடம்.

அக்குறையை நிரப்பும் நூல்களும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. ஜி. யு. போப் திருவாசகம் முழுவதையும் தமிழ் மூலத்துடன் மொழிபெயர்த்து 1900இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 80. ஜே. எம். நல்லசுவாமிப்பிள்ளை 1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்தார். 1911இல் அவரது சைவ சித்தாந்தக் கட்டுரைகள் நூலாகின. தமிழ் வாசிக்கத் தடுமாறும் மூத்த பிள்ளைகளுக்கு இவை நல்ல துணை. போப் கிறிஸ்தவக் குருவானவர், ஆதலால் அவரது குறிப்புகளில் தம் சமயத்துடன் ஒப்பிடும் நோக்கு உண்டு. நல்லசுவாமிப்பிள்ளையோ சைவர். இருவரையும் அருகருகே வைத்து வாசித்தால், ஒரே பொருளை வெளியிலிருந்து பார்ப்பவரும் உள்ளிருந்து பார்ப்பவரும் எப்படி எழுதுகின்றனர் என்பது பிள்ளைக்கே புரியும்.

உளவியல் நூல்களில் இந்த அவதானம் இன்னும் அதிகம் தேவை. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ற்றன் 1869இல் எழுதிய 'பரம்பரை மேதைமை' இன்றும் மறுபதிப்பாக விற்பனையாகிறது. அதில் மனித இனங்களைத் தரவரிசைப்படுத்தும் ஓர் அத்தியாயம் உண்டு. இக்கருத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆண்டைப் பாராமல் வாசிக்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை, அதுவும் புதிய நாட்டில் நிறத்தால் வேறுபட்டு நிற்கும் பிள்ளை, அதை முடிந்த உண்மையாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

அதே நூற்றாண்டில் எழுதிய அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ் வேறு வகையானவர். 1892இல் அவர் ஆசிரியர்களுக்கு ஆற்றத் தொடங்கிய உரைகள் 1899இல் நூலாகின. உளவியல் ஒரு விஞ்ஞானம், கற்பித்தல் ஒரு கலை, ஒன்றைப் படித்தால் மற்றது தானாக வந்துவிடாது என்கிறார் அவர். பிள்ளைக்கு ஏற்கெனவே விருப்பமான ஒன்றுடன் புதிய பாடத்தை இணைத்துச் சொல்லிக் கொடுங்கள் என்கிறார். நல்ல பழக்கத்தை உறுதியுடன் தொடங்கி, அது வேரூன்றும் வரை ஒரு நாளும் விலக்கு அளிக்க வேண்டாம் என்கிறார். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கும் எம்மவர் இதை இன்றே செய்து பார்க்கலாம்.

எமது சொந்த நூல்களையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆறுமுக நாவலரின் பாலபாடங்களும் சைவ வினாவிடையும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து திரும்பத் திரும்ப அச்சாகி வருகின்றன. தெளிவான உரைநடைக்கு அவை இன்றும் முன்மாதிரி. ஆனால் நாவலர் தம் காலத்துச் சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்டே எழுதினார். அதனை இன்று நாம் பிள்ளைகளுக்குக் கடத்தத் தேவையில்லை. நடையைப் படிப்பிப்போம், அக்காலக் கருத்தை அக்காலக் கருத்தென்றே விளக்குவோம்.

வாங்கும்போது சில விடயங்களைக் கவனியுங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் முதற்பதிப்பின் ஆண்டைத் தேடுங்கள், அது இல்லாவிட்டால் முன்னுரையின் கீழ் உள்ள திகதியைப் பாருங்கள். மொழிபெயர்ப்பு எனில் மொழிபெயர்த்தவர் பெயர் இருக்க வேண்டும். பக்க எண்கள் தொடர்கின்றனவா, கடைசியில் அகராதிச் சுட்டி உள்ளதா என்று புரட்டிப் பாருங்கள். இயந்திரத்தில் படமெடுத்து அவசரமாக அச்சிடும் மலிவுப் பதிப்புகளில் பக்கங்கள் விடுபடுவதுண்டு. பெயர்களை எழுதும் முறையும் வேறுபடலாம். மக்ஸ் முல்லரின் தொகுதியில் சாந்தோக்கிய உபநிடதத்தின் பெயர் ஆங்கில 'கே' எழுத்தில் தொடங்குகிறது. இது தெரியாதவர் நூலே இல்லை என்று திரும்பிவிடுவார்.

பணம் கொடுத்து வாங்கும் முன் நகர நூலகத்தில் கேளுங்கள். தம்மிடம் இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து எடுத்துத் தரும் வசதி பல இடங்களில் உண்டு. ஈழத்து நூல்களை 2005 முதல் மின்வடிவில் சேகரித்து வரும் நூலகம் திட்டத்தில் பல பழைய நூல்களை இலவசமாக வாசிக்கலாம்.

1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுள் வேறிடத்தில் ஒரு பிரதியாவது இருந்த அச்சு நூலை மீண்டும் அச்சிட முடிந்தது. ஒரே பிரதியாக இருந்த கையெழுத்து ஏடு போனது போனதுதான். ஊரிலிருந்து வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த பழைய நூல் உங்கள் வீட்டில் இருந்தால், அதை ஈரம் படாமல் வைத்திருங்கள். அதன் முதற்பதிப்பு ஆண்டையும் பதிப்பித்த அச்சகத்தின் பெயரையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். நாளைய மறுபதிப்புக்கு அந்தப் பிரதியே மூலமாகலாம்.