கோடரிக்கு அபராதம், கையெழுத்துக்கு?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், செலாயாங்கிலிருந்து ரவாங் பக்கம் போனால் சற்று நேரத்தில் காஞ்சிங் வனம் வந்துவிடும். கியாம் காஞ்சிங் என்ற மரம் இயற்கையாக வளர்வது இந்த வட்டாரத்தில் மட்டும்தான். அதைக் காப்பாற்ற ரவாங் மாற்றுச் சாலையின் தடத்தையே மாற்றினார்கள், 2.7 கிலோமீட்டரைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டி 2017-இல் திறந்தார்கள். மனம் வைத்தால் முடிகிறது!

சட்டமும் சாதுவானதல்ல. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில், திருட்டுத்தனமாக மரம் வெட்டியதற்கு அதிகபட்ச அபராதம் 10,000 ரிங்கிட். மரக் கும்பல் அதைத் தொழில் செலவில் எழுதிவிடும். 1993-இல் அது 5 லட்சமானது. ஓராண்டாவது சிறை கட்டாயம் என்றார்கள். 2022-இல் நாடாளுமன்றம் 50 லட்சமாக்கியது. ஆனால் நிலமும் காடும் மாநிலத்தின் கையில். மாநிலச் சட்டமன்றம் ஏற்றால்தான் திருத்தம் அங்கே செல்லும்.

தொகையைவிட, பிடிபடுவோம் என்ற பயம்தான் கையைக் கட்டிப்போடும். பிரேசில் 2004-இல் துணைக்கோள் கண்காணிப்பைத் தொடங்கி, அது காட்டிய இடங்களுக்கு அதிகாரிகளை அனுப்பியது. விதித்த அபராதத்தில் பெரும்பகுதி வசூலாகவே இல்லை. அப்படியும் 2012-க்குள் அமேசான் காடழிப்பு ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்தது. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதன் பங்கு பெரிது.

திருடனுக்கு இது சரி. அரசே கையெழுத்திட்டு, அரசிதழ் வழியாகக் காட்டை நீக்கினால்?

சிலாங்கூர் 2010-இல் மரம் வெட்ட 25 ஆண்டுத் தடை போட்டது. வனக் காப்பகத் தகுதியை நீக்குமுன் பொது விசாரணை நடத்தவேண்டும் என்ற விதியும் வந்தது. அத்தனைக்குப் பிறகும், தெமுவான் பூர்வகுடியினரும் பொதுமக்களும் எதிர்த்து நின்ற கோல லங்காட் வடக்குக் காப்பகத்தில் 536.7 ஹெக்டர் 2021-இல் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. ஆகஸ்ட் இறுதியில் விஷயம் வெளியே வந்ததும் ஊரே கொதித்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி, முடிவை மாற்றுவதாக மந்திரி புசார் அமிருடின் ஷாரி அறிவித்தார். எந்த அபராதமும் இதைத் தடுக்கவில்லை. தடுத்தது மக்களின் கூச்சல். அடுத்த ஆண்டே புக்கிட் செராக்காவில் 406 ஹெக்டர் நீக்கம் அரசிதழில் வந்தது, 2000-ஆம் ஆண்டுக்கு முன்தேதியிட்டு!

காப்பகத்தை நீக்கினால் ஈடாக வேறு நிலம் தரவேண்டும் என்கிறது 2022 திருத்தம். நல்லதுதான். ஆனால் வெறும் நிலம் காடாக எவ்வளவு காலம் ஆகும் என்று அறிய, செலாயாங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் கெப்போங் வன ஆய்வுக் கழகத்தைப் போய்ப் பாருங்கள். ஈயம் தோண்டிப் பாழாக்கிய மண்ணில் 1920-களில் கன்று நடத் தொடங்கினார்கள். யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக்கியது 2025-இல்.